பாசடேனாவில் ஒரு ரோஜாக் கிண்ணம்

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது பாசடேனா. புத்தாண்டு பிறந்தால் அங்கே இரண்டு விசேஷம். காலையில் மலர் ஊர்வலம், பிற்பகலில் கல்லூரிக் கால்பந்து. முதல் தேதி ஞாயிறாக இருந்தால் மறுநாள்தான் நடத்துவார்கள். ஊர்வலத்துக்கு 1893-லேயே ஏற்பட்ட வழக்கமாம் இது! அதனால் 2023-ல் தம்பி வீட்டுக்குப் போயிருந்த நாங்கள் ஜனவரி 2 அன்று இரண்டையும் பார்த்தோம்.

ஊர்வலம் 1890-ல் ஆரம்பித்தது. நம் ஊர்த் தேர் மாதிரி பெரிய பெரிய வண்டிகள். கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் பூ, இலை, விதை, மரப்பட்டை என்று இயற்கைப் பொருளால்தான் மூடியிருக்க வேண்டும். நல்ல இடம் பிடிக்க, முதல் நாள் இரவே குழந்தை குட்டிகளோடு நடைபாதையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள்!

மைதானம் ஊருக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கில். 1922-ல் கட்டியது. கிண்ணம் போல இருப்பதால் 'ரோஸ் பவுல்' என்று பெயர். அதைப் பார்த்து மற்ற ஊர்களின் சீசன் கடைசிப் பந்தயங்களுக்கும் 'பவுல்' என்ற பெயர் வந்துவிட்டது. அன்று தொண்ணூறாயிரத்துக்கு மேல் கூட்டம். போகிறவர்கள் ஸ்வெட்டரை மறக்காதீர்கள். வெயில் சாய்ந்ததும் குளிர் கிடுகிடுவென்று ஏறிவிடும். கைப்பையும் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையாக இருக்க வேண்டும்.

கால்பந்து என்று பேரே தவிர, பந்து பெரும்பாலும் கையில்தான். நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். எல்லாம் குவார்ட்டர்பேக் என்ற ஒரு பையன் கையில். "அத்தை, பந்து வந்ததும் ரெண்டு மூணு விநாடிதான். அதுக்குள்ள யார்கிட்ட எறியறதுன்னு முடிவு பண்ணணும்" என்றான் தம்பி பிள்ளை. அந்த விநாடிகளில் மலை மாதிரி ஆட்கள் அவன் மேல் பாய்கிறார்கள். அப்பப்பா! பெற்றவள் எப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பாளோ!

யூட்டா அணியின் குவார்ட்டர்பேக் கேமரன் ரைசிங். முந்தைய ஆண்டு, 2022-ல், இதே மைதானத்தில் ஒஹாயோ ஸ்டேட் அணியுடன் ஆடும்போது தலையில் அடிபட்டு வெளியேறினார். அவருக்குப் பதிலாக இறங்கியவர் பிரைசன் பார்ன்ஸ். பன்றிப் பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்தவர். கடைசி இரண்டு நிமிஷம் இருக்கும்போது பந்தை எறிந்து 45-45 என்று சமன் செய்துவிட்டார். கடைசி விநாடிகளில் 48-45 என்று தோற்றார்கள். அதனால் என்ன, அந்தப் பிள்ளையின் பெயர் நின்றுவிட்டதே!

நாங்கள் பார்த்த அன்றும் இரண்டாம் பாதியில் ரைசிங்குக்கு முழங்காலில் அடி. மறுபடியும் பார்ன்ஸ்தான் வந்தார். பென் ஸ்டேட் 35-21 என்று ஜெயித்தது. அவர்களுடைய ஷான் கிளிஃபோர்டு ஆறாவது வருஷமாக அந்தக் கல்லூரி அணியில் இருந்தவர். 88 கெஜத்துக்கு ஒரே எறிதலில் புள்ளி! ஊரே எழுந்து நின்றது. ரைசிங் 2023 சீசன் முழுவதும் ஆடவில்லை.

எல்லோரும் கிளிஃபோர்டைப் பார்த்துக் கை தட்டினார்கள். என் கண் என்னவோ பார்ன்ஸ் மேல்தான். வருஷம் முழுக்க ஓரத்தில் நின்று, கூப்பிட்ட நிமிஷத்தில் கை நடுங்காமல் இறங்குவது லேசான காரியமா? நம் வீட்டிலும் அப்படி ஓரமாக நிற்கிற பிள்ளை ஒன்று இருக்கும். பரிசு வாங்குகிறவனை மட்டும் கொண்டாடாமல், அதற்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இன்னொன்று, தாய்மார்களுக்கு. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று தெரிந்தால், எத்தனை பெரிய ஆட்டமானாலும் அன்று திரும்ப இறக்கக் கூடாது என்பது அங்கே கல்லூரி விளையாட்டில் 2010 முதல் விதி. தெருவில் கிரிக்கெட் ஆடும் நம் பிள்ளைக்கும் அதே விதிதான். தலையில் பலமாக அடிபட்டு மயக்கம், வாந்தி, தலைவலி, குழப்பம், அசாதாரணத் தூக்கம் இருந்தால் "ஒண்ணுமில்லே, போய் விளையாடு" என்று அனுப்பாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஆட்டம் நாளைக்கும் இருக்கும்.