வாட்டம்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு காலத்தில் நாலு படிகள் இருந்தன. சின்ன வயசில் மேல் படியில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிற ஐஸ் வண்டிக்காரரைக் குனிந்து பார்த்துக் கூப்பிடுவேன். நான் பி.காம். முடித்தபோது மூன்று படி மிச்சம். கல்யாணத்தின்போது இரண்டு. இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். பழைய தாருக்கு மேல் புதுத் தார், அதற்கு மேல் இன்னொரு புதுத் தார் என்று போட்டுப் போட்டு, ரோடு வளர்ந்துவிட்டது. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று, அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு 2021 மே மாதம் கறாராகச் சொன்னார். அதற்குள் எங்கள் படிகள் போய்ச் சேர்ந்திருந்தன.

அதே வருஷம் நவம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. விடிய விடிய மழை. நுங்கம்பாக்கத்தில் மட்டும் 20 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. காலையில் கண் விழித்தால், ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர். அப்பாவின் மர பீரோ கால் ஊறி நின்றது. அப்பா போன பிறகு, அவர் நினைவாக வீட்டில் இருப்பது அந்த பீரோதான். எனக்கு வந்ததே கோபம்!

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். முனையில் வார்டு ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். முப்பது வயசுதான் இருக்கும். கண்கள் சிவந்திருந்தன. ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

''நான் பத்திரிகைக்காரன். நாளைக்கு எழுதத்தான் போறேன்'' என்றேன்.

''தாராளமா எழுதுங்க சார். அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் என்கூட நடந்து வர்றீங்களா?'' என்றார்.

நடந்தோம். ''ரோட்டுக்கு வாட்டம் வேணும் சார்'' என்று ஆரம்பித்தார். முகத்தில்தான் வாட்டம் இருக்கக் கூடாது, ரோட்டில் இருந்தே ஆக வேண்டுமாம். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இறங்க வேண்டும். ஓரத்துக்கு வந்த தண்ணீர் வடிகாலுக்குள் போக வேண்டும். வடிகாலுக்கும் வாட்டம் வேண்டும்.

''சென்னையே தட்டு மாதிரி ஊரு. சராசரியா கடல் மட்டத்துக்கு மேல ஆறேழு மீட்டர்தான். ஒரு கிலோமீட்டர் வடிகாலுக்கு ஒரு மீட்டர் இறக்கம் கிடைச்சாலே எங்களுக்குத் தீபாவளி. நடுவுல எவனாவது ரெண்டு இஞ்ச் மேட்டைப் போட்டான்னா, தண்ணி வந்த வழியே திரும்பிடும்.''

சட்டென்று கேட்டார்: ''உங்க மனை எவ்வளவு சார்?''

''ஒரு கிரவுண்டு.''

''20 சென்டிமீட்டர் மழைன்னா, உங்க மனையில மட்டும் 44,000 லிட்டருக்கு மேல விழுந்திருக்கு. கிட்டத்தட்ட நாலு தண்ணி லாரி. மழைநீர் சேகரிப்புத் தொட்டி வேலை செய்யுதா?''

நான் பதில் சொல்லவில்லை. 2003-ல் கட்டாயம் என்று அரசாங்கம் சொன்னபோது பயந்துகொண்டு கட்டினோம். அப்புறம் அதன் மூடியைத் திறந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

பி.காம். படித்தவனுக்கு அவர் கணக்கு சுலபமாகப் புரிந்தது. வரவு எவ்வளவோ, அவ்வளவுக்கும் செலவு காட்டியாக வேண்டும். காட்டாத மீதி யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் போய் நிற்கும்.

என் வீட்டு வாசலுக்கே திரும்ப வந்து நின்றார். ''வடிகால் சுவர்ல அங்கங்க ஓட்டை விட்டிருப்போம். ரோட்டுத் தண்ணி அது வழியாத்தான் உள்ளே போகும். உங்க வாசல்ல ரெண்டு இருக்கணும். எங்கே சார்?''

கார் வாங்கியபோது நான் கட்டிய சிமென்ட் ராம்ப்புக்கு அடியில் இருந்தன. ''ஓட்டை வழியா கொசு வரும் சார், அடைச்சிடவா?'' என்று அன்றைக்குக் கொத்தனார் கேட்டது ஞாபகம் வந்தது. ''அடைச்சிடுப்பா'' என்று சொன்னதும் நான்தான்.

''இங்கே நுழைய முடியாத தண்ணி எங்கே போச்சுன்னு பார்க்கலாம், வாங்க'' என்று தெருக் கடைசிக்கு அழைத்துப் போனார். பள்ளத்தில் இருக்கிற ஓட்டு வீடு. அங்கே தனியாக இருக்கும் பாட்டி, கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கி, மேலே கால் மடக்கி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

''வாப்பா. உங்கப்பா இருந்தவரைக்கும் மழை வந்தா மண்வெட்டியோட வந்துடுவாரு. ஓரமா வழி வெட்டி விட்டுட்டுத்தான் தூங்கப் போவாரு.''

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

அன்றைக்கு மேட்லி சுரங்கப்பாதை பக்கம் போகவே முடியவில்லை. தி.நகரில் இருக்கிற இந்தச் சுரங்கப்பாதையை, மழைக்காலத்தில் டி.வி. செய்தியில் எல்லோரும் பார்த்திருப்போம். மேட்லி யார் தெரியுமா? ஜே.டபிள்யூ.மேட்லி, அன்றைய மெட்ராஸ் கார்ப்பரேஷனின் பொறியாளர். செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாயில் வடிகட்டாமல் வந்துகொண்டிருந்த காலத்தில், மூடிய கால்வாய், மணல் வடிகட்டி என்று திட்டம் போட்டு, 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தை இயங்க வைத்தவர். ஊருக்கு நல்ல தண்ணீர் கொடுத்தவரின் பெயர், இப்போது தேங்கிய தண்ணீரோடுதான் நம் வாயில் வருகிறது!

அந்தத் தி.நகரும் ஏரியாக இருந்த இடம்தான். 1920-களில் மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் நகரை உருவாக்கினார்கள். எங்கே வீடு வரலாம் என்பதை யார் யாரோ முடிவு செய்கிறார்கள். அப்புறம் மழைத் தண்ணீரை எங்கே அனுப்புவது என்ற கேள்வியை மட்டும், பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்கிற ஒருவரிடம் கேட்கிறோம். தண்ணீர் நின்றால் அவர் போட்டோ பேப்பரில் வருகிறது. வடிந்தால் அது செய்தியே இல்லை. இருபது வருஷமாகப் பத்திரிகையில் இருக்கிறேன், 'இந்தத் தெருவில் நேற்று தண்ணீர் நிற்கவில்லை' என்று ஒரு வரி எழுதியதில்லை.

பொறியாளர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. வாட்டம் பார்க்காமல் ரோட்டுக்குக் கையெழுத்துப் போட்டவரும் பொறியாளர்தானே? என் வாசல் படிகளே சாட்சி. ஆனால், அந்தக் கையெழுத்தைக் கேள்வி கேட்கிற யோக்கியதை, ஓட்டையை அடைக்கச் சொன்ன எனக்கு இருக்க வேண்டாமா?

கட்டுரையை எழுதவில்லை. அடுத்த வாரமே அதே கொத்தனாரைக் கூப்பிட்டு ராம்ப்பை இடித்தேன். ஓட்டைகளைத் திறந்துவிட்டு, தூக்கிக்கொள்கிற மாதிரி இரும்புப் பலகை போட்டேன். ''காசு கொடுத்துக் கட்டினதை யாராவது இடிப்பாங்களா சார்?'' என்றார் எதிர் வீட்டுக்காரர். அவர் வாசலிலும் ஒரு ராம்ப் இருக்கிறது. சொல்லிப் பார்த்தேன். கொசு வரும் என்றார்.

2022 மழையிலும் தெருவில் தண்ணீர் ஓடியது. ஆனால், விட்ட கொஞ்ச நேரத்தில் வடிந்துவிட்டது. பாட்டியைப் பார்க்கப் போனேன். ''இந்தத் தடவை கட்டிலுக்குச் செங்கல் வைக்கலப்பா'' என்றார்.

அதைச் சொல்லலாம் என்று அந்த ஏ.இ.க்கு போன் போட்டேன். வேறு வார்டுக்கு மாற்றலாகியிருந்தார். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார்.

''அங்கே நிலைமை எப்படி சார்?'' என்றேன்.

''ராம்ப் எண்ணிக்கிட்டிருக்கேன் சார்'' என்றார்.