வயிற்றுநோவுக்கு எத்தனை பெயர்கள்

வயிற்றுநோவு நாலு பேர் கூடிய இடத்தில் பேசுவதற்கு ஏற்ற விடயம் அல்ல. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் அரசியலும் போரும் தேர்தலும் எழுதிய ஒருவன் தன் குடலைப் பற்றி எழுத முற்படுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். எனினும், உடல் எடையைக் குறைப்பதற்கான சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டவர்கள் எனக்கு அறிமுகமானோரிடையே மட்டும் ஐந்தாறு பேர் இருக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலானோர் அதனை உடன்பிறந்தவர்களிடம்கூடச் சொல்வதில்லை. ‘வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டினவர்’ என்ற பேச்சுக்கு அஞ்சுகின்றனர். அந்த அச்சம் எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்வதற்காகவே இதனை எழுதுகிறேன்.

2020ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் எனக்கு அந்தச் சத்திரசிகிச்சை நடந்தது. அப்போது என் எடை 124 கிலோ. நீரிழிவுக்கு மூன்று வகை மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருந்தேன். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் தொல்லையும் இருந்தது. இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு கோழிமுட்டை அளவான சிறு பையைத் தனியாகப் பிரித்து, சிறுகுடலை வெட்டி அதன் ஒரு முனையை அந்தப் பையோடு பொருத்தினார்கள். மறுமுனையைச் சற்றுக் கீழே சிறுகுடலோடேயே இணைத்தார்கள். படம் வரைந்தால் ஆங்கில ‘வை’ எழுத்தைப் போலத் தோன்றும். இந்த இணைப்பு முறை சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் பணியாற்றிய சேசார் ரூ என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரால் வழங்குகிறது. எடைக் குறைப்புக்காக இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் சிகிச்சையை 1960களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடக்கிவைத்தார்.

வீடு திரும்பிய சில வாரங்களில் கொரோனா ஊரடங்கு வந்தது. நாடே அரிசிக்கும் பருப்புக்கும் அலைந்த நாட்களில் நான் கஞ்சித் தெளிவையும் வடித்த ரசத்தையும் கரண்டியால் அருந்திக்கொண்டிருந்தேன். வவுனியாவில் இருந்து என் அக்கா நாள்தோறும் தொலைபேசியில் கேட்பார்: “தம்பி, பத்தியம் பிழைக்காமல் இருக்கிறியோ?” மேலைநாட்டு நிபுணர்கள் பக்கம் பக்கமாக அச்சிட்டுத் தரும் அறிவுரைகளை அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடலாம். இந்தச் சத்திரசிகிச்சையின் பின்னரான வாழ்க்கை ஆயுட்காலப் பத்தியமே.

பத்தியம் பிழைத்தால் வயிறு உடனே தண்டிக்கும். அரைகுறையாக மென்ற சோற்றுக் கவளம் நெஞ்செலும்பின் பின்னால் கல்லைப் போல நிற்கும். நீர் குடித்து அதனை இறக்க முயன்றால் நோவு இரட்டிப்பாகும். வரண்ட புட்டு அதைவிடக் கொடியது. கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை இரண்டு கைப்பிடி உண்டால், கால்மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு பிசையும், ஓரிடத்தில் படுத்தேயாக வேண்டும். இனிப்பு அந்தச் சிறு பையில் தங்காமல் நேரே சிறுகுடலுக்குள் கொட்டுப்படுவதால் வருவது அது. சிறு கவளமாக எடுத்து, மசிய மென்று, ஒரு வேளை உணவுக்கு இருபது, முப்பது நிமிடம் செலவிட்டு, உணவோடு நீர் அருந்தாமல் அரைமணி நேரம் பொறுத்துக் குடித்தால் இத்தகைய நோவுகளுள் பெரும்பாலானவை விலகிவிடும். பசியோடு பத்திரிகைக் காரியாலயத்தில் பத்து நிமிடத்தில் உண்டு பழகியவனுக்கு இது இலகுவான காரியம் அன்று.

வேறு சில நோவுகள் பத்தியத்துக்குக் கட்டுப்படுவதில்லை. எடை விரைவாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு அதிகம். அந்த நோவு வலது விலாவுக்குக் கீழே தொடங்கி வலது தோள்மூட்டு வரை ஏறும். அதைத் தடுப்பதற்கென்றே முதல் ஆறு மாதங்களுக்கு மாத்திரை கொடுப்பதுண்டு. இரைப்பைப் பையும் குடலும் பொருந்தும் இடத்தில் புண் தோன்றினால் நடுவயிற்றின் மேற்பகுதி எரியும். புகைப்பழக்கமும், முழங்கால் நோவுக்கு நம்மவர் கேட்டுக் கேள்வியின்றி விழுங்கும் டைக்ளோபெனக், இபுபுறோபன் போன்ற மாத்திரைகளும் அந்தப் புண்ணுக்கு முக்கிய காரணங்கள். ஆகவே எங்கு நொந்தாலும் பனடோல் மட்டும்தான் என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை. இவற்றோடு இரும்புச்சத்து மாத்திரையால் வரும் மலச்சிக்கலும் அதனால் வரும் பொருமலும் உண்டு.

எனக்கு வந்த நோவு இவற்றுள் எதுவும் அல்ல.

2022ஆம் ஆண்டு மே மாதம். எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற காலம். அப்போது என் எடை 81 கிலோ. ஓர் இரவு, உணவு முடிந்து சிறிது நேரத்தில் இடது விலாவின் கீழே குடலைப் பிடித்து முறுக்குவது போன்ற நோவு எழுந்தது. தெருவில் முச்சக்கரவண்டி ஒன்றும் இல்லை. மனைவி 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தார். அம்புலன்ஸ் வண்டி வந்து ஒரு வைத்தியசாலையில் சேர்த்தது. இதயத் துடிப்புப் பதிவு, குருதிப் பரிசோதனை, எல்லாம் சீராக இருந்தன. இளம் வைத்தியர் ஒருவர் ‘காஸ்ரைட்டிஸ்’ என்று எழுதி ஊசி ஏற்றினார். விடியுமுன் நோவு நின்றுவிட்டது. அடுத்த ஆறு வாரங்களில் அது மேலும் நான்கு முறை வந்தது. ஒரு முறை எடுத்த சீ.ரி. ஸ்கானிலும் குறிப்பாக எதுவும் தென்படவில்லை.

அந்த இளம் வைத்தியரை நான் குறைசொல்லவில்லை. அவரிடம் மனைவி சிங்களத்தில் சொன்னது ‘படே கெக்கும’ என்ற இரண்டு சொற்கள். வயிற்றுநோவு என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. எந்த மொழியிலும் அவசரத்தில் வாயில் வருவது அந்தப் பொதுச்சொல்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் என் அம்மாவிடம் ‘வயிறு நோகுது’ என்று சொல்லித் தப்ப முடியாது. “குத்துதோ, உழையுதோ, எரியுதோ, பொருமுதோ? ஒரு விரலால தொட்டுக் காட்டு” என்பார். குத்துக்கு ஓமத்தண்ணீர், உழைவுக்கு மாதுளங்கோது, பொருமலுக்கு உள்ளியும் வேர்க்கொம்பும், எரிவுக்கு மோர். மருந்து பலித்ததோ இல்லையோ, விசாரணை சரியாக இருந்தது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட வலி வினாக்கொத்தும் இதே வேலையைத்தான் செய்தது. நோயாளர் பயன்படுத்தும் 78 சொற்களை 20 கூட்டங்களாக வகுத்து, எந்தச் சொல்லால் ஒருவர் தன் வலியைச் சொல்கிறார் என்பதை மருத்துவத்துக்கு உரிய தகவலாக அவர் ஆக்கினார்.

இவ்விடத்தில் சைவப் பிள்ளைகள் சிறுவயதிலேயே கேட்டறிந்த ஒரு நோயாளியும் நினைவுக்கு வருகிறார். ஏழாம் நூற்றாண்டில் சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர், தமக்கை திலகவதியாரை நாடிச் சென்று, திருவதிகையில் பாடிய முதற் பதிகத்தைப் பக்திக்காக ஓதுகிறோம். அதனை ஒரு நோயாளியின் வாக்குமூலமாகவும் வாசிக்கலாம். நோவு வெளியே தெரியாதது, வயிற்றின் உட்புறத்தில் இருப்பது, குடலோடு பிணைந்து சுருட்டுவது என்று இடமும் இயல்பும் தவறாமல் அவர் சொல்லிவிடுகிறார். என் நோவின் இயல்பும் ஏறத்தாழ அதுவே.

செய்தியாளனுக்கு உள்ள ஒரே பயிற்சி யார், எங்கே, எப்போது, எவ்வாறு என்று குறித்துக்கொள்வது. இரண்டாவது முறை நொந்தபோதே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். அதிலிருந்து ஒரு பதிவு: ‘மே 29. இரவு 8.40. இடியப்பம் இரண்டு, சொதி. 9.10 அளவில் இடது விலாவுக்குக் கீழே முறுக்கு. முதுகுக்கு ஊடுருவுகிறது. எரிவு இல்லை. வாந்தி இல்லை. முழங்காலும் கையும் ஊன்றிக் குனிந்து நின்றால் தணிகிறது. 11.30க்கு முற்றாக நின்றது.’

ஜூன் மாத இறுதியில் என் சத்திரசிகிச்சை நிபுணரைச் சந்தித்து அந்தக் கொப்பியைக் கொடுத்தேன். அவர் ஐந்து பதிவுகளையும் இரண்டு முறை வாசித்தார். “எரிவு ஒருபோதும் இல்லையா?” என்று ஒரேயொரு கேள்வி கேட்டார். இல்லை என்றேன். அந்த வாரத்திலேயே வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கமரா செலுத்திப் பார்த்தார். சிறுகுடலின் ஒரு பகுதி, குடல் இணைப்பின் பின்புறமுள்ள இடைவெளி ஒன்றினுள் நழுவி நுழைந்திருந்தது. அதனை வெளியே எடுத்து, இடைவெளியைத் தைத்து மூடினார். குடல் இன்னும் உயிரோடு இருந்தது.

இதற்கு உள்ளகக் குடலிறக்கம் என்று பெயர். அந்த இடைவெளிகளுள் ஒன்று, இத்தகைய இறக்கத்தை 1900ஆம் ஆண்டிலேயே விவரித்த ஜேர்மனிய சத்திரசிகிச்சை நிபுணர் பீட்டர்சனின் பெயரைத் தாங்கியுள்ளது. உடல் மெலிய, குடலைத் தாங்கி நிற்கும் மடிப்புகளில் உள்ள கொழுப்பும் கரைகிறது. இடைவெளி அகலுகிறது. ஆகவே நன்றாக மெலிந்து, எல்லோரும் பாராட்டத் தொடங்கிய பின்னரே இந்த ஆபத்து வந்து சேர்வதுண்டு. குடல் உள்ளே போய்த் தானாகவே வெளிவருவதால் நோவும் வந்துவந்து மறையும். குருதிப் பரிசோதனை சீராக இருக்கலாம். ஸ்கானும் தவறவிடலாம். ஒருநாள் குடல் வெளிவராமல் இறுகிவிட்டால் குருதியோட்டம் நின்று சில மணி நேரத்தில் அது அழுகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணிக்கு அதுவே நேர்ந்தது. எடைக்காகச் சத்திரசிகிச்சை செய்ததை அவர் கணவருக்கு மட்டும் சொல்லியிருந்தார். கணவர் வெளிநாட்டில் இருந்தபோது நோவு வந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற உறவினர்களுக்கு எதுவும் தெரியாது. பேச முடியாத நிலையில் அவர் இருந்தார். உயிர் தப்பிவிட்டார். ஆனால் குடலின் பெரும்பகுதியை இழந்து, இன்று நரம்பு வழியாகச் செலுத்தப்படும் ஊட்டத்தில் வாழ்கிறார்.

ஆகவே இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்ட அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்காவது சொல்லுங்கள். எந்த வகைச் சத்திரசிகிச்சை, எந்த ஆண்டு என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். நோவு வந்தால் நேரம், இடம், உண்டது, இயல்பு, தணிந்த விதம் என்பவற்றைக் குறித்துவையுங்கள். விட்டுவிட்டு வரும் முறுக்கு நோவை வாய்வு என்று ஒதுக்க வேண்டாம். நோவு தணியாமல் நின்றாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ, மலம் கறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

எனக்கு இப்போதும் மாதத்தில் ஓரிரு நாள் வயிறு நோகிறது. பழைய தையல்களைச் சுற்றி இழைகள் ஒட்டியிருப்பதால் வரக்கூடிய இழுவை அது என்கிறார் வைத்தியர். சூடான நீர்ப்போத்தலை வைத்துப் படுத்தால் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். நீரிழிவு மாத்திரை ஒன்றாகக் குறைந்துள்ளது. இரவில் மூச்சுத் தடைப்படுவதில்லை. இந்தக் கணக்கில் எனக்கு நட்டம் இல்லை. கொப்பியை மட்டும் இன்னும் மூடவில்லை. கடந்த வாரப் பதிவில் ‘பொருமல், பலாப்பழம் மூன்று சுளை’ என்று இருக்கிறது.