கைவண்டிகள் சென்ற வழி

அமெரிக்கா என்றதும் விண்ணளாவும் மாளிகைகளையும் இரைச்சல் மிகுந்த வீதிகளையுமே நம்மவர் மனக்கண்ணால் காண்கிறார்கள். அந்த நாட்டிலும் புண்ணிய ஸ்தலங்கள் உண்டு. அவற்றை நாடிக் குழந்தை குட்டிகளுடன் யாத்திரை செல்லும் குடும்பங்களும் உண்டு. சென்ற கோடை விடுமுறையில் அத்தகைய யாத்திரை ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது.

எங்கள் அண்டை வீட்டார் மார்மன் சபையைச் சேர்ந்தவர்கள். முன்னோர் நடந்து சென்ற வழியைத் தங்கள் குழந்தைகளுக்குக் காட்டப் புறப்பட்ட அவர்கள் எங்களையும் அழைத்தார்கள். இரண்டு மோட்டார்கள், நான்கு பெரியவர்கள், ஐந்து குழந்தைகள். வழியோ ஏறக்குறைய 1,300 மைல். மார்மன்கள் காப்பியும் தேநீரும் அருந்துவதில்லை. 1833-ல் அவர்களுடைய ஸ்தாபகர் வகுத்த நியமம் அது. ஆகையால் என் மனைவி காப்பிக் கூஜாவை எங்கள் வண்டியிலேயே பத்திரப்படுத்தினாள். நண்பரின் மனைவியோ நாள்தோறும் காலையில், "உங்கள் காப்பி ஆயிற்றா?" என்று விசாரித்த பிறகே தம் வண்டியில் ஏறுவார்.

இல்லினாய்ஸ் மாகாணத்தில் மிஸ்ஸிஸிப்பி நதி வளைந்து செல்லும் கரையில் உள்ள நாவூ என்ற சிற்றூரில் எங்கள் யாத்திரை தொடங்கிற்று. ஜோஸப் ஸ்மித் 1830-ல் நியூயார்க் மாகாணத்தில் நிறுவிய சபை, ஒஹையோவுக்கும் மிஸ்ஸௌரிக்கும் பரவியது. மிஸ்ஸௌரியில் மற்றக் குடிகளுக்கும் அவர்களுக்கும் பகை மூண்டது. மார்மன்களை அழித்தேனும் விரட்டியேனும் தீரவேண்டும் என்று அம்மாகாண கவர்னர் 1838-ல் உத்தரவிட்டார். அந்த உத்தரவு முறைப்படி ரத்தானது 1976-ல்தான்!

விரட்டப்பட்டவர்கள் நாவூவின் சதுப்பு நிலத்தை வடித்து ஒரு நகரத்தை எழுப்பினார்கள். அங்கும் அமைதி நிலைக்கவில்லை. அவர்கள் ஒரே கட்டாக வாக்களித்ததும், தலைவர்கள் பலதார மணம் செய்துகொண்டதும் அயலாரின் வெறுப்பை வளர்த்தன. ஸ்மித்தைக் கண்டித்து எழுதிய பத்திரிகை ஒன்றின் அச்சுயந்திரம் நகர சபையின் கட்டளைப்படி நொறுக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து கார்த்தேஜ் என்ற ஊரில் சிறை வைக்கப்பட்ட ஸ்மித்தையும் அவர் தமையன் ஹைரமையும், 1844 ஜூன் 27-ந் தேதி ஒரு கும்பல் புகுந்து சுட்டுக் கொன்றது. குண்டு துளைத்த கதவு அச்சிறையில் இன்றும் இருக்கிறது. குழந்தைகள் ஐவரும் அத்துவாரத்தைப் பார்த்தபடி பேச்சற்று நின்றனர்.

1846 பிப்ரவரியில், கடுங்குளிரில், மக்கள் நாவூவை விட்டு நதியைக் கடக்கத் தொடங்கினர். அவர்கள் விட்டுச் சென்ற ஆலயத்தை 1848-ல் தீயும் 1850-ல் சூறாவளியும் அழித்தன. அதே இடத்தில் அதே தோற்றத்தில் மீண்டும் கட்டிய ஆலயம் 2002-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சபையைச் சேராதவர்கள் அதனுள் செல்ல இயலாது. நாங்கள் வெளியே புல்தரையில் அமர்ந்து நதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அயோவாவைக் கடந்து நெப்ராஸ்காவில் உள்ள ஓமஹாவை அடைந்தோம். வெளியேறியவர்களில் பலர் 1846-ம் ஆண்டின் பனிக்காலத்தை இங்கே குடிசைகளில் கழித்தார்கள். நோய்க்கும் குளிருக்கும் இரையானவர்களின் மயானத்தில், குழந்தையைப் புதைக்கும் குழியின் அருகே நிற்கும் தாய் தந்தையரின் சிலை ஒன்று இருக்கிறது. அங்கே யாரும் விளக்கம் கூற வேண்டியிருக்கவில்லை.

இந்த யாத்திரையில் நெஞ்சை மிகவும் உருக்கியது வயோமிங் மாகாணத்து மார்ட்டின் குடா என்னும் மலைமடிப்பு. மாட்டு வண்டி வாங்க வகையற்ற ஐரோப்பிய ஏழைகள், 1856 முதல் கைவண்டிகளைத் தாமே இழுத்துக்கொண்டு மேற்கே நடந்தார்கள். ஆளுக்கு 17 ராத்தல் மூட்டைதான் அனுமதி. அவ்வாண்டு காலந்தாழ்த்திப் புறப்பட்ட இரு கூட்டத்தார் அக்டோபர்ப் பனியில் அகப்பட்டுக்கொண்டனர். செய்தி எட்டியதும் தலைவர் பிரிகாம் யங் உணவும் வண்டிகளும் அனுப்பினார். ஆயினும் இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். யாத்திரிகர் இழுத்துப் பார்க்க அங்கே கைவண்டிகள் வைத்திருக்கிறார்கள். எங்கள் குழந்தைகள் சிரித்துக்கொண்டே இழுக்கத் தொடங்கினர். கால் மைல் செல்வதற்குள் சிரிப்பு ஓய்ந்தது. நண்பரின் மனைவியின் பாட்டிக்குப் பாட்டி பத்து வயதில் இவ்வழி நடந்தவராம்.

1847 ஜூலை 24-ந் தேதி யங் வந்து சேர்ந்த உப்பேரிப் பள்ளத்தாக்கே ஸால்ட் லேக் நகரம். ஷோஷோன், யூட் முதலிய பூர்வகுடிகள் வழங்கிவந்த பிரதேசம் அது. நாற்பது ஆண்டுகள் உழைத்து 1893-ல் முடித்த கருங்கல் ஆலயம் அங்கே இருக்கிறது. பெரும்பாலோர் யாத்திரையை அத்துடன் முடித்துக்கொள்வார்கள்.

எங்கள் நண்பரும் அவ்வாறே எண்ணியிருந்தார். அவர் மனைவியோ தெற்கே இன்னும் சுமார் 300 மைல் செல்லவேண்டும் என்றார். "குழந்தைகளுக்கு இந்த வயதில் அது எதற்கு?" என்று நண்பர் தயங்கினார். "நம்மைச் சுட்ட கதவைக் காட்டினோமே, நாம் சுட்ட இடத்தைக் காட்ட வேண்டாமா?" என்றார் அந்த அம்மையார். அதற்கு மறுமொழி இல்லை.

மௌண்டன் மெடோஸ் என்பது அவ்விடத்தின் பெயர். 1857-ல் சர்க்கார்ப் படை தங்கள்மீது வருகிறதென்று மார்மன்கள் அச்சத்தில் இருந்தனர். அச்சமயம் ஆர்க்கன்ஸாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து சென்ற கூட்டத்தை, அவ்வட்டாரத்து மார்மன் படையினர், பையூட் இந்தியர் சிலரையும் சேர்த்துக்கொண்டு முற்றுகையிட்டனர். பின்பு வெள்ளைக் கொடி காட்டி, பத்திரமாக அழைத்துச் செல்வதாக வாக்களித்து, செப்டம்பர் 11-ந் தேதி சுமார் 120 பேரைக் கொன்றனர். சிறு குழந்தைகள் 17 பேரே உயிர் தப்பினர். தண்டனை பெற்றவர் ஜான் லீ ஒருவர்தான். 1877-ல் அதே இடத்தில் அவர் சுடப்பட்டார். நெடுங்காலம் பழியை இந்தியர்மேல் சுமத்திவந்தார்கள். 150-வது ஆண்டு நினைவு நாளான 2007 செப்டம்பர் 11-ல் சபையின் தலைவர் ஒருவர் அங்கே வந்து, சபையின் சார்பில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்.

காற்றில் புல் அசையும் அமைதியான பள்ளத்தாக்கு. குன்றின்மேல் கல்லில் பெயர்கள் பொறித்திருக்கின்றன. நண்பரின் மூத்த மகன் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தான். மற்றக் குழந்தைகள் கேட்டு நின்றனர். ஒரே குடும்பப் பெயர் மீண்டும் மீண்டும் வந்தது.

தான் பட்ட துன்பத்தை மறவாதிருப்பது எந்தச் சமூகத்துக்கும் எளிது. அதற்குச் சிலையும் திருவிழாவும் தாமே ஏற்பட்டுவிடும். தான் இழைத்த துன்பத்தைத் தன் மக்களுக்குக் காட்ட 300 மைல் கூடுதலாகச் செல்வதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவை அந்தத் தாயிடம் கண்டோம்.