தொட்டால் ஒட்டாது

எக்ஸிமாவுக்குத் தமிழில் நல்ல பெயர் இருக்கிறது: கரப்பான். பூச்சி ஞாபகம் வருவதாலோ என்னவோ, 'ஸ்கின் அலர்ஜி' என்று சொல்லிவிடுகிறோம். எக்ஸிமா என்பது கிரேக்கச் சொல். கொதித்துப் பொங்குவது என்று அர்த்தம். ராத்திரி ரெண்டு மணிக்கு முழங்கை மடிப்பைப் பிறாண்டிக்கொண்டு அழும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருத்தம் புரியும்.

என் பேத்திக்கு நாலு வயசில் வந்தது. பள்ளியில் அவளைத் தனியாக உட்கார வைத்தார்கள். மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமாம். டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் பழைய இடம் கிடைத்தது. இது தொற்றுநோய் இல்லை சார். அழுக்கினால் வருவதும் இல்லை.

சருமத்தை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள்தான் செங்கல், நடுவே கொழுப்புப் பூச்சு. சிலருக்குப் பிறவியிலேயே இந்தச் சுவர் பலவீனம். ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான ஜீனில் உள்ள பழுது ஒரு முக்கியக் காரணம் என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். உள்ளிருந்து ஈரம் கசிகிறது, வெளியிலிருந்து தூசும் சோப்பும் நுழைகின்றன. அரிக்கிறது. சொறிந்தால் சுவர் இன்னும் இடிகிறது. கிருமிநாசினி சோப்பு போட்டுத் தேய்த்தால் கேட்கவே வேண்டாம்.

எனவே வீட்டு வைத்தியம் என்பது சுவர் பூசும் வேலைதான். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷத்துக்குள் குளியல். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ, வெறும் பெட்ரோலியம் ஜெல்லியோ தாராளமாகத் தடவுங்கள். தினம் ரெண்டு வேளை. அரிப்பு இல்லாத நாளிலும். வியர்த்தால் கழுவிவிட்டு மறுபடி. பருத்தி உடை, ஒட்ட வெட்டிய நகம்.

'கரப்பான் பண்டம்' என்று கத்திரிக்காயிலிருந்து முட்டை வரை பட்டியல் போட்டு நிறுத்திவிடாதீர்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். வளரும் குழந்தை, சாப்பிடவேண்டும்.

ஸ்டீராய்டு களிம்பு விஷயத்தில் நாம் இரண்டு கட்சி. ஒரு கட்சி, டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் பயந்து பீரோவில் வைக்கும். அவர்களுக்கு ஒரு கணக்கு: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனி நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். சொன்ன நாள்வரை போட்டால் பயமில்லை. மற்றக் கட்சி, மருந்துக்கடைக்காரர் தரும் மூன்று மருந்துக் கலவையை மாசக்கணக்கில் பூசும். அதிலும் பெரும்பாலும் ஸ்டீராய்டு உண்டு. வீரியமானதைக் கேட்பாரின்றித் தொடர்ந்தால் தோல் மெலிந்துபோகும்.

புண்ணில் மஞ்சள் பொருக்கு, நீர்க்கசிவு, கொத்தாகக் கொப்புளம், கூடவே காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டர்.

வளர வளரப் பல குழந்தைகளுக்குக் குறைந்துவிடுகிறது. அதுவரை அவர்களை அடிக்கடி தொடுங்கள். க்ரீம் தடவ வேறு வழியும் இல்லை.