விரிப்பும் வீற்றிருப்போரும்

இல்லத்தை எழிலுறச் செய்வது எப்படி என்று எடுத்துரைக்கும் ஏடுகள் இன்று ஏராளம். அவற்றுள் ஒன்றை அண்மையிலே புரட்டினோம். பளிங்குத் தரை; அதன்மீது பால்வண்ணக் கம்பளம்; அதிலே கருங்கோடுகளாலான சாய்சதுரங்கள். ‘பெர்பர் கம்பளம்’ என்று பெயர் பொறித்து, வரவேற்பறைக்கு அது வனப்பூட்டும் வகையினைப் பக்கம் பக்கமாக விளக்கியிருந்தனர். நெய்தது யார் என்ற வினாவுக்கு மட்டும் அங்கே விடையில்லை.

நெய்தவர்கள், வட ஆப்பிரிக்காவிலே, மொராக்கோ நாட்டு அட்லஸ் மலைகளில் வாழும் பெண்கள். ஆட்டு உரோமத்தைத் தாமே நூற்று, வீட்டிலே நிறுத்திய தறியில், முடிச்சின்மேல் முடிச்சிட்டு நெய்கின்றனர். மலைக்குளிருக்குப் படுக்கையாகவும் போர்வையாகவும் பிறந்த பொருள் அது. பின்னரே சீமான்களின் கூடத்துக்குச் சிங்காரமாயிற்று. ‘பெர்பர்’ என்பதோ, அம்மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயரன்று. புரியாத மொழி பேசும் அயலாரைக் கிரேக்கர் ஏளனமாய் அழைத்த சொல்லின் வழிவந்தது. அவர்கள் தம்மை ‘அமாசிக்’ என்பர்; விடுதலை பெற்ற மாந்தர் என்று அதற்குப் பொருள் கூறுவர். அவர்தம் மொழி மொராக்கோ அரசமைப்பிலே ஆட்சிமொழி என்னும் ஏற்றம் பெற்றது 2011ஆம் ஆண்டில்தான். கம்பளம் மாளிகை புகுந்தது முன்னே. மொழி மன்றம் ஏறியது பின்னே! கைவண்ணம் வேண்டும், கைக்குரியவர் பெயர் வேண்டா! எப்படியிருக்கிறது நீதி?

எங்கோ நடப்பதுதானே என்று தோழர்கள் எண்ணிவிட வேண்டாம். நாம் வாழும் மண்டகப்பட்டு, விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையிலே உள்ள சிற்றூர். இங்கே, 7ஆம் நூற்றாண்டிலே மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கற்கோயில் இருக்கிறது. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை. இவையின்றி ஆக்கினான் விசித்திரசித்தன் என்று, வடமொழியிலே தன் பெருமையைப் பாறையில் பதித்து வைத்தான் மன்னன். பாறையைக் குடைந்தவனின் பெயரைத் தேடினால் காணோம். இல்லாத பொருள்களின் வரிசையிலே அதுவும் ஒன்று போலும்!

மலைப் பெண்ணின் கம்பளத்துக்கு நம் நாட்டு உறவு எது எனில், பவானி ஜமக்காளத்தைச் சொல்வோம். காவிரியும் பவானியும் கூடும் அவ்வூரிலே, சீமைத்துணி வந்து குவிந்து நெசவாளர் வாழ்வு நலிந்த 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தடித்த பருத்தி நூலுக்கு வண்ணமேற்றிப் பட்டை பட்டையாக நெய்யத் தொடங்கினர். காலைக் குழியிலே இறக்கி மிதிக்கும் குழித்தறி அது. அகன்ற விரிப்பு என்றால் ஒருவரால் ஆகாது. இருவர் அருகருகே அமர்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கி நெய்ய வேண்டும்.

அத்தகைய ஜமக்காளம் ஒன்று நமது வீட்டிலும் உண்டு. சிவப்பும் பச்சையும் நீலமுமாய் மின்னும். ஊரில் எவர் வீட்டுத் திருமணமாயினும் இரவல் கேட்டு வருவர். விரிப்பு ஒன்றுதான், ஆனால் அதன்மீது அமரும் உரிமையோ சிலருக்கு மட்டுந்தான். பந்தலிட்டவரும், பறை முழக்கியவரும் மண்ணிலே குந்தியிருப்பர்.

நம் தங்கையின் திருமணத்தன்று அவர்களையும் அழைத்து ஜமக்காளத்தில் அமர்த்தினோம். பெரியப்பா சினந்தெழுந்தார். “விரிப்பு தீட்டாகிவிட்டதே! இனி யார் இதில் உட்காருவது?” என்று முழங்கினார்.

நம் அன்னை எழுத்தறியாதவர். பந்தலின் ஓரத்திலிருந்தே கேட்டார்: “நெய்தவர் என்ன சாதி என்று விசாரித்தா வாங்கினோம், மாமா? இத்தனை நாளும் அதிலே படுத்து உறங்கினீர்களே!”

பெரியப்பாவுக்குப் பதில் வரவில்லை. எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய் அமர்ந்தார். எவரும் அழைக்கப் போகவில்லை. பந்தி நேரத்திலே பசி அவரை அழைத்து வந்தது. ஜமக்காளத்தின் ஓரத்திலே, ஒரு முழம் இடம்விட்டு உட்கார்ந்தார். அந்த ஒரு முழம் ஒழிய மேலும் சில ஆண்டுகள் ஆயின என்பது வேறு கதை.

ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே உரியதென ஒதுக்க வழிசெய்தது 1985ஆம் ஆண்டுச் சட்டம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டுள்ளது. எனினும், விசைத்தறியிலே வெளிவரும் போலிகள் மலிவு விலையில் சந்தையை நிரப்புகின்றன என்பது நெசவாளர் நெடுநாளாக உரைத்துவரும் குறை. நாளெல்லாம் குழியில் கால் வைத்திருப்பவருக்குக் கூலி போதவில்லையென்றால், அவர் பிள்ளை அந்தக் குழியில் ஏன் இறங்கப் போகிறான்? ‘பாரம்பரியத்தைக் காப்பாற்று’ என்று அவனுக்குப் பாடம் நடத்துவோர், முதலில் கடையிலே பேரம் பேசுவதை நிறுத்தட்டும். புதுமனை புகும் இளைஞர்கள் அழகிய விரிப்பை வாங்கட்டும். மொராக்கோவினது ஆயினும் பவானியினது ஆயினும் நமக்கு மகிழ்ச்சியே. வாங்குமுன், இது கைத்தறியா, நெய்தவர் கைக்குச் சேர்ந்தது எவ்வளவு என்று கடைக்காரரைக் கேட்கட்டும். விடை தெரியாமல் அவர் விழித்தால், அடுத்த கடைக்குப் போகட்டும்.

நமது வீட்டு ஜமக்காளம் ஓரம் நைந்து, சிவப்பு வெளிறிவிட்டது. ஊர்ப் படிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டோம். மாலையில் நாளேடு படிக்கச் சற்றே தாமதித்துச் சென்றால், அதிலே நமக்கு இடம் கிடைப்பதில்லை.