கோணல் கூடம்

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது பழமொழி. தன் குறையை மறைக்கப் பிறவற்றைப் பழிப்போரை அது சாடுகிறது. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிட்டால் ஆட வந்தவள் என்ன செய்வாள் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

செஞ்சியில், இராஜகிரிக் கோட்டை கண்ணில் படும் தெருவொன்றில், பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று மாதம் இத்தகைய கூடத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தாள். உறவினர் ஒருவர் பயன்படுத்தாது வைத்திருந்த மலிவு விலைக் கிட்டார் அவள் கைக்கு வந்திருந்தது. நாள்தோறும் மாலையில் அதனுடன் அமர்வாள். கால் மணி நேரத்திற்குள் விரல் நுனிகளில் தந்தியின் தடம் ஆழப் பதிந்துவிடும். வலியைவிட அவளை வருத்தியது வேறொன்று. சுருதி சேர்த்த தந்தியையே மெட்டில் அழுத்தினாலும் சுரம் சற்று ஏறி ஒலித்தது. தனக்கு விரலும் இல்லை, செவியும் இல்லை என்று அவள் முடிவு கட்டினாள். ஆயாவும் அந்தப் பழமொழியைச் சொல்லிவைத்தாள். கிட்டார் பரண் ஏறியது.

ஐப்பசி மழையில் ஊறிய பரண் பலகையை மாற்ற வந்த தாய்மாமன் அதைக் கீழே இறக்கினார். அவர் தச்சர், இசை அறியாதவர். ஆயினும், ஒரு கண்ணை மூடி, கிட்டாரின் கழுத்தை நெடுக நோக்கினார்.

"ஏன் பாப்பா, கம்பி இவ்வளவு உசரத்துல நிக்குது?"

முனையிலிருந்தே அளவு தொடங்கும் தம் இரும்பு அளவுகோலை அவர் பன்னிரண்டாம் மெட்டின்மேல் நிறுத்தினார். தடித்த தந்தி 4 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கு ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் இருப்பதே பொதுவான வழக்கம். உயர்ந்து நிற்கும் தந்தியை மெட்டைத் தொடும்வரை அழுத்தும்போது அது கூடுதலாக இழுபடுகிறது. இழுபட்ட தந்தியின் சுரம் ஏறுகிறது. அவள் செவி பிழை செய்யவில்லை, பிழையைக் கண்டுபிடித்திருந்தது.

வீணையில் இக்குறை நேர்ந்தால் எவரும் வாசிப்பவரை ஐயுறுவதில்லை. அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்படுபவை. காலப்போக்கில் மெழுகு இளகி அவை இடம் பெயரும் என்பது தெரிந்ததே. கைவினைஞர் அவற்றை மீண்டும் அமைத்துத் தருவார். கிட்டாரின் மெட்டுகளோ மரத்தில் அறைந்து பொருத்தப்பட்டவை. ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ எழுபது கிலோ எடைக்கு நிகரான விசையில் கழுத்தை இழுக்கின்றன. மழைக்கால ஈரத்தில் மேற்பலகை உப்பித் தந்திகளைத் தாங்கும் பாலத்தையும் உயர்த்துவதுண்டு.

மாமன் உடனே அரத்தை எடுத்துவிடவில்லை. முதலில் கழுத்தைச் சோதித்தார். முதல் மெட்டிலும் பதினான்காம் மெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடிக்க, இடையில் ஒரு தாள் நுழையும் இடைவெளியே இருந்தது, கழுத்து வளையவில்லை. வளைந்திருந்தால் அதனுள் ஓடும் இரும்புத் தண்டைக் கால் சுற்று மட்டும் திருகிப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். எனவே குறை, பாலத்தின்மேல் தந்திகள் அமரும் 'சேடில்' என்னும் சிறு துண்டில் இருந்தது.

எவ்வளவு தேய்ப்பது? இங்கே மாணவியின் கணக்கு உதவியது. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுப்புள்ளி. ஆகவே அங்கு 1 மில்லிமீட்டர் குறைய வேண்டுமாயின் சேடிலில் 2 மில்லிமீட்டர் குறைய வேண்டும். தந்திகளைத் தளர்த்திச் சேடிலை உருவி, அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு கிழித்தனர். மேற்பக்கத்தின் வளைவு தந்திகளுக்காகவே அமைந்தது, அதைத் தொடலாகாது. சமமான கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து மாமன் சிறிது சிறிதாகத் தேய்த்தார். தேய்த்ததை மீண்டும் ஒட்ட இயலாது, அளவு மீறினால் தந்தி மெட்டில் உரசி இரையும். நான்கு முறை பொருத்தியும் கழற்றியும் பார்த்தனர். முழு 2 மில்லிமீட்டர் வரும் முன்பே மாமன் நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலை அவள் அரை மணி நேரம் வாசித்தாள். விரல் வலித்தது, தோல் காய்ப்பேறச் சில வாரங்கள் ஆகும். மெட்டுகளில் சுரங்கள் சரியாக நின்றன. முதல் மெட்டில் மட்டும் இன்னும் இறுக்கம் இருந்தது. தலைப்பக்கத்துப் பள்ளங்களை ஆழப்படுத்த மெல்லிய அரம் வேண்டும்; அது மாமனிடம் இல்லை. அதற்கு விழுப்புரத்திலோ புதுச்சேரியிலோ பழுது பார்ப்பவரைத் தேட வேண்டும் என்றார் அவர். பரண் வேலை பாதியில் கிடந்தது. ஆயா அதைப் பற்றி ஏதும் கேட்கவில்லை.