வைத்தியன் குன்றில் முதுகு வலி

திருவனந்தபுரம் நகரத்தின் வடக்கு விளிம்பில், தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது கழக்கூட்டம். இங்கே டெக்னோபார்க் எழுந்திருக்கும் குன்றுக்குப் பழைய பெயர் வைத்தியன் குன்னு. பெயர் பெற்ற உள்ளூர் வைத்தியர் ஒருவரின் குடும்பம் வாழ்ந்த இடம் அது. 1990இல் தொடங்கிய டெக்னோபார்க், நாட்டின் முதல் டெக்னாலஜி பார்க். இன்று அங்கே 60,000 பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள், பெரும்பாலோர் நாள் முழுக்க நாற்காலியில். வைத்தியர் குடியிருந்த குன்றில் இப்போது குடியிருப்பது கழுத்து வலியும் இடுப்புப் பிடிப்பும்.

வலி வந்தவர்களுக்கு வழிகள் பல. எலும்பு டாக்டர் இருக்கிறார், பிசியோதெரபி இருக்கிறது, ஆயுர்வேத ஆஸ்பத்திரி இருக்கிறது. 'படக்' என்று முதுகெலும்பைச் சொடுக்கி எடுக்கும் கைரோபிராக்டிக்கும் வீடியோக்கள் புண்ணியத்தில் இந்திய நகரங்களில் பிரபலமாகிவிட்டது. ஆனால் கேரளத்தின் தென்கோடிக்குச் சொடுக்கு எடுப்பது புதிதல்ல. இங்கே அது பல தலைமுறைகளாகக் குடும்பச் சொத்து.

காரணம் எளிது. சண்டை இருந்த ஊரில் எலும்பு கட்டுகிறவரும் இருந்தாக வேண்டும். மன்னர் மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்து நின்றதாகச் சொல்லப்படும் எட்டு வீட்டுப் பிள்ளைமாரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. அந்தக் காலத்துச் சண்டைகளுக்கு ஆட்களைத் தயார் செய்தவை களரிகள். அடிக்கக் கற்றுக்கொடுத்தவரே அடிபட்டவனுக்கு எண்ணெய் தேய்த்தார், பிசகிய மூட்டைப் பொருத்தினார். உடம்பில் எந்த இடத்தில் தட்டினால் ஆள் சாய்வான் என்று தெரிந்தவருக்குத்தான் அவனை எழுப்பவும் தெரியும் என்பது களரியின் தர்க்கம்.

இதை இன்றும் பார்க்க வேண்டுமானால் கழக்கூட்டத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீகாரியம், பட்டம் வழியாகக் கிழக்கேகோட்டையில் இறங்க வேண்டும். பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது சி.வி.என். களரி. மலபாரில் களரிப்பயிற்றுக்கு மறுவாழ்வு கொடுத்தவர்களில் ஒருவரான சி.வி. நாராயணன் நாயரின் மகன் கோவிந்தன்குட்டி நாயர் 1956இல் இதைத் தொடங்கினார். 42 அடி நீளம், 21 அடி அகலத்தில் தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் மண் தரை. தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை. காலையில் பயிற்சி நடக்கும். வெயில் ஏறியதும் நோயாளிகள் வருவார்கள். வாளும் கேடயமும் பிடித்த அதே கைகள் சுளுக்கையும் தசைப்பிடிப்பையும் தடவிப் பார்க்கும். மழைக்காலத்தில் உழிச்சில் தொடங்கும். மேலே கட்டிய கயிற்றைப் பிடித்தபடி, எண்ணெய் பூசிப் படுத்திருப்பவரின் உடம்பைக் காலாலேயே நீவிவிடுகிற சிகிச்சை அது. அமெரிக்க நாடகப் பேராசிரியர் ஃபிலிப் ஸாரில்லி 1970களில் இங்கே வந்து கோவிந்தன்குட்டி நாயரிடம் பாடம் கேட்டார். களரிப்பயிற்று பற்றிய அவருடைய நூல் 1998இல் வெளிவந்தது. 2006இல் கோவிந்தன்குட்டி நாயர் மறைந்த பிறகு பொறுப்பு மகனிடம் வந்தது. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை.

தெற்கே போகப் போக இந்தக் கலையின் பாஷை தமிழாகிவிடுகிறது. வடக்கன் களரிக்குப் பரசுராமர் குரு என்றால் தெக்கன் களரிக்கு அகஸ்தியர். மலையாளத்தில் மர்மம், தமிழில் வர்மம். 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஆக மொத்தம் 108 என்பது தமிழ்க் கணக்கு. பாடம் தமிழ்ச் செய்யுளில், பனையோலையில். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் திருவிதாங்கூர் கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாகாணத்துக்கு வந்தபோது எல்லைக்கோடு ஆசான்களுக்கு நடுவில் விழுந்தது. ஆனால் சுளுக்குக்கு மாநிலம் ஏது? குமரி மாவட்டத்து வர்ம ஆசானுக்கும் திருவனந்தபுரத்து மர்ம ஆசானுக்கும் மூலம் ஒன்றுதான். இருவரிடமும் பாடம் ஒரே மாதிரிதான் கைமாறியது. எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் மகனோ மருமகனோ சீடனோ பார்த்துப் பார்த்துக் கற்க வேண்டும். உயிர்நிலை வர்மங்கள் கடைசியில்தான், அதுவும் நம்பிக்கையானவனுக்கு மட்டும்.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கையில் இருக்கும் வித்தைக்குக் காகிதத்தில் சாட்சி இல்லை. 1953ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கொச்சி மருத்துவர் சட்டம் பதிவு கேட்டது. பாரம்பரிய வைத்தியர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2018 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: அங்கீகரிக்கப்பட்ட தகுதி இல்லாதவர்கள் மருத்துவம் பார்க்க முடியாது. தாத்தா வைத்தியர் என்பது பட்டம் ஆகாது.

கைரோபிராக்டிக்கும் இதே வாசலில் நின்றதுதான். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் 1895இல் அதைத் தொடங்கியவர் டி.டி. பால்மர். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக 1906இல் சிறைக்குப் போனார். அதுவும் குடும்ப விவகாரம்தான். பள்ளிக்கூடத்தை வளர்த்தவர் மகன் பி.ஜே. பால்மர். ஆனால் அவர்கள் வித்தையை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. பள்ளியில் பாடமாக்கினார்கள், மாநிலம் மாநிலமாகப் போராடினார்கள். 1913இல் கான்ஸாஸ் முதலில் சட்டம் இயற்றியது; கடைசியாக 1974இல் லூசியானா லைசென்ஸ் கொடுத்தது.

தீர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. சொடுக்கும்போது கேட்கும் சத்தம் எலும்பு சரியாக உட்காரும் சத்தம் அல்ல. மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியின் வேலை. சாதாரண இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயலக்கூடிய வழிகளில் முதுகெலும்புச் சிகிச்சையையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் சேர்த்தது உண்மை. ஆனால் கழுத்தை வெடுக்கென்று திருப்பினால், அபூர்வமாக என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். காலில் மரமரப்பு, சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சலோடு முதுகு வலி, விழுந்து அடிபட்ட எலும்பு என்றால் முதலில் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. எதைத் தொடக் கூடாது என்று அறிந்தவர்தான் ஆசான். அது தெரியாதவரும் அதே போர்டை மாட்டிக்கொள்ள முடியும் என்பதுதான் ஆபத்து.

விடை கழக்கூட்டத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலேயே இருக்கலாம். போத்தன்கோட்டில் சாந்திகிரி ஆசிரமத்தின் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2002இல் தொடங்கியது. மலையாள மண்ணில் தமிழ் மருத்துவத்துக்குப் பட்டம் தரும் கல்லூரி. சித்த மருத்துவப் பட்டப்படிப்பில் வர்மமும் ஒரு பாடம். ஆசான் வீட்டுப் பிள்ளை இங்கே அல்லது ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு படித்துவிட்டு அப்பாவின் திண்ணைக்குத் திரும்பினால் சட்டமும் சரி, பரம்பரையும் சரி.

திரும்புவானா என்பதுதான் கேள்வி. நீட் தேர்வு, ஐந்தரை ஆண்டு, பிறகும் எண்ணெய்ப் பிசுக்கு. எதிரே கண்ணாடிக் கட்டடத்தில் மாதச் சம்பளம். பரம்பரை கையைக் கொடுக்கலாம், ஆர்வத்தைக் கொடுக்க முடியாது. கல்லூரி பாடத்தைக் கொடுக்கலாம், ஆயிரம் முதுகுகளைத் தொட்ட அனுபவத்தைக் கொடுக்க முடியாது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர வேண்டும். சேராவிட்டால், பட்டம் உள்ளவரிடம் கை இருக்காது, கை உள்ளவரிடம் பட்டம் இருக்காது.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிகிறது. நெடுஞ்சாலைக்கு மேலே 2022இல் திறந்த 2.72 கிலோமீட்டர் மேம்பாலத்தில் வண்டிகள் பறக்கின்றன. கீழே கம்பெனி பஸ்களிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள் இளைஞர்கள். வைத்தியன் குன்றில் நோயாளிகளுக்குக் குறைவில்லை. வைத்தியனைத்தான் தேட வேண்டியிருக்கிறது.